சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்த இரண்டு தெனாரியம்

(வானொலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 10:25-37)



நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குருவும் லேவியரும் விலகிப் போனார்கள். சமாரியர் ஒருவர் நின்றார், இரக்கம் கொண்டார், எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவர்களுக்குக்கூட இது தெரியும். பங்கு விழாக்களில் இதை நாடகமாகப் போடும்போது பெரும்பாலும் இந்த இடத்தோடு திரையை இழுத்துவிடுவார்கள்.

ஆனால் ஆண்டவர் இயேசு அங்கே கதையை முடிக்கவில்லை. சமாரியர் அந்த மனிதரைத் தம் விலங்கின்மீது ஏற்றி ஒரு சாவடிக்குக் கொண்டுபோகிறார். அன்று இரவு தாமே அவரைப் பார்த்துக்கொள்கிறார். மறுநாள் அவருக்குப் பயணம் இருக்கிறது, போயாக வேண்டும். எனவே பணப்பையைத் திறந்து இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுக்கிறார். இவரைக் கவனித்துக்கொள்ளும், இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு தெனாரியம் என்றால் என்ன என்பதை மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரம் சொல்கிறது. திராட்சைத் தோட்டத்துத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி. ஆக, இரண்டு நாள் கூலியை முன்பணமாகக் கொடுத்ததோடு, மீதிக்கும் தாமே பொறுப்பு என்று வாக்குக் கொடுக்கிறார்.

இரக்கத்துக்குச் செலவு உண்டு என்பதை ஆண்டவர் மறைக்கவில்லை. காயம் கட்டுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் ஒருவர் எழுந்து நடக்கும்வரை, அல்லது கண்ணை மூடும்வரை, அவரைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். அந்தப் பணத்தை யார் கொடுப்பது? இன்று நம் குடும்பங்களில் மெதுவான குரலில் பேசப்படுகிற, சில வீடுகளில் சண்டையாக வெடிக்கிற கேள்வி இதுதான். வயதான அப்பாவை, அம்மாவைப் பராமரிக்கும் செலவு, குறிப்பாக முதியோர் இல்லத்தில் தங்கிப் பராமரிப்புப் பெறும் செலவு. இதையெல்லாம் மறையுரையில் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். ஆண்டவரே பேசியிருக்கும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்று திருச்சபை போதிக்கவில்லை. சமாரியரே அந்த மனிதரைச் சாவடியில் விட்டுவிட்டுத்தான் போனார். வாதம் வந்து படுக்கையில் கிடக்கிற தகப்பன், மறதி நோயால் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கிற தாய், இரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்துவிடுகிற பெரியவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற மகளுக்கோ மருமகளுக்கோ சில வேளைகளில் உடம்பும் மனமும் ஒரேயடியாக ஒடிந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட வீட்டைப் பார்த்து, தள்ளிவிட்டார்கள் என்று கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்கள், ஒரே ஓர் இரவு அந்தப் படுக்கையின் அருகில் கண்விழித்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் சமாரியர் கணக்கைத் தம் பேரில் வைத்துக்கொண்டு போனார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அன்பார்ந்தவர்களே, இந்தச் செலவு ஏன் இவ்வளவு ஆகிறது என்று பலருக்கும் ஆச்சரியம். வெறும் மூன்று வேளைச் சோறுதானே, அதற்கா இத்தனை ஆயிரம் என்று கேட்கிறார்கள். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இரவும் பகலும் ஓர் ஆள் அருகில் இருக்க வேண்டும் என்றால், 30 நாளுள்ள மாதத்துக்கு 720 மணி நேரம். ஒரு பணியாளர் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வார விடுப்பு போக மாதம் 26 நாள் வேலை செய்தால் 208 மணி நேரம். 720ஐ 208ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய மூன்றரை வரும். அதாவது, ஒரே ஓர் ஆள் எப்போதும் இருக்க வேண்டும் என்றாலே மூன்றரைப் பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் நான்கு பெரியவர்களைப் பார்த்துக்கொண்டாலும், ஒவ்வொரு பெரியவருக்கும் கிட்டத்தட்ட ஒரு முழுச் சம்பளம் விழுகிறது. இதன்மேல் சாப்பாடு, வாடகை, மருந்து, மருத்துவர். படுக்கையில் கிடப்பவருக்குப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், காற்று மெத்தை வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு டயப்பர் வேண்டும்.

இதே கணக்கை வீட்டுக்கும் போட்டுப் பாருங்கள். அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிற மகள், ஒரு மாதத்தின் அந்த 720 மணி நேரத்தையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறாள். வேலையை விட்டிருப்பாள், தன் பிள்ளைகளின் படிப்பை விட்டுக்கொடுத்திருப்பாள். அவளுக்குச் சம்பளமும் இல்லை, வார விடுப்பும் இல்லை. வெளிநாட்டிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆண்டுக்கு ஒருமுறை வருகிற அண்ணன், அம்மா ஏன் இப்படி மெலிந்துபோனார் என்று கேட்டுவிட்டுப் போகிறார். வீட்டில் பார்த்தால் செலவில்லை என்று நாம் சொல்வது தவறு. அந்தச் செலவு ஒருவர் தலைமேல் மட்டும் விழுகிறது, அதனால் மற்றவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை.

இந்த இடத்தில் மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தை நினைவுபடுத்துகிறேன். பரிசேயரையும் மறைநூல் அறிஞரையும் பார்த்து ஆண்டவர் கடுமையாகப் பேசிய இடம் அது. தாய் தந்தைக்குப் பயன்படவேண்டிய பணத்தை ஒருவர் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லிவிட்டால் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பக்தியின் பெயரால் கடமையிலிருந்து தப்பிக்க ஒரு வழி! ஆண்டவர் இங்கே தாய் தந்தையை மதிக்கும் கட்டளையை நினைவூட்டுகிறார். மதிப்பது என்றால் காலில் விழுந்து கும்பிடுவது மட்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் பேசிய பொருளே பணம்.

நம்மிடமும் கொர்பான்கள் உண்டு. என் பிள்ளையின் காலேஜ் கட்டணம், நான் கட்டுகிற வீட்டுக் கடன், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டது, ஊர்த் திருவிழாவுக்கு எழுதிவைத்த உபயம் என்று ஒவ்வொன்றுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு, அம்மாவின் மருந்துக்கு வரும்போது கை இறுகிவிடுகிறது. கோயிலுக்குக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் பெற்ற தாயின் மாத்திரைக்குக் கொடுக்காமல் கோவில் வாசலுக்குக் கிரானைட் போட்டுத் தருகிறேன் என்று வருகிறவரிடம், முதலில் வீட்டுக்குப் போய் வாருங்கள் என்றுதான் பங்குத்தந்தை சொல்ல வேண்டும்.

உடன்பிறந்தவர்களுக்குள் இந்தக் கணக்கு எப்படிப் போகிறது என்று நம் எல்லாருக்குமே தெரியும். மூத்தவர், நான்தானே இத்தனை நாள் பார்த்தேன் என்பார். இளையவர், வீட்டை நீதானே வாங்கிக்கொண்டாய் என்பார். மகள், சொத்தில் எனக்குப் பங்கு கொடுத்தீர்களா என்பாள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கும். ஆனால் இவர்கள் பேசி முடிக்கும்வரை அம்மாவின் வயிறும் மருந்தும் காத்திருக்காது. என் ஆலோசனை எளியது. எல்லாரும் ஒருமுறை ஒன்றாக உட்காருங்கள். நேரில் முடியாவிட்டால் போனிலாவது பேசுங்கள். மாதத்துக்கு என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாரும் சம தொகை கொடுப்பதல்ல, அவரவர் வசதிக்கேற்பக் கொடுப்பதே நியாயம். பணம் கொடுக்க முடியாதவர் நேரம் கொடுக்கட்டும். அருகிலிருந்து பார்க்கிறவரின் உழைப்பையும் பணமாகவே கணக்கில் சேருங்கள். முடிந்தால் அம்மாவும் அந்தப் பேச்சில் இருக்கட்டும். அவரைப் பற்றிய முடிவை அவருக்குக் கேட்காத அறையில் எடுக்காதீர்கள்.

பிரியமானவர்களே, இந்தக் கணக்கில் இன்னொருவரும் இருக்கிறார். நாம் அவரை அடிக்கடி மறந்துவிடுகிறோம். இல்லத்தில் நம் பெற்றோரின் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிடுகிற அந்தப் பெண். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நாம் பேரம் பேசுகிறோம். எங்கே குறையும்? முதலில் குறைவது அவருடைய சம்பளம்தான். பிறகு ஆள் எண்ணிக்கை குறையும், அதன்பின் நம் தகப்பனாரின் முதுகில் புண் வரும். 1891 இல் திருத்தந்தை 13ஆம் லியோ ரேரும் நோவாரும் என்ற சுற்றுமடலில், தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் போதுமான ஊதியம் நீதியின் கடன் என்று வலியுறுத்தினார். பிடித்துவைக்கப்பட்ட கூலி ஆண்டவர் செவிக்கு எட்டும் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். நம் பெற்றோருக்குக் காட்டும் அன்பு இன்னொருவர் மகளின் வயிற்றில் அடித்து வருவதாக இருக்கக் கூடாது.

சரி, உண்மையிலேயே பணம் இல்லாத குடும்பங்கள் என்ன செய்யும்? பிள்ளையே இல்லாதவர்கள், பிள்ளைகளை இழந்தவர்கள் என்ன செய்வார்கள்?

தொடக்கத் திருச்சபைக்கும் இதே கேள்வி வந்தது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் 5ஆம் அதிகாரத்தில் கைம்பெண்களின் பட்டியல் ஒன்று வருகிறது. 60 வயதுக்குக் குறையாதவர்களே அதில் சேர்க்கப்படலாம். அங்கே ஓர் ஒழுங்கும் இருக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தால் முதலில் அவர்கள்தாம் பார்க்க வேண்டும். சொந்த வீட்டாரைக் கவனிக்காதவர் நம்பிக்கையையே மறுதலித்தவர் என்று மிகக் கடுமையாகச் சொல்லப்படுகிறது. குடும்பம் தன் சுமையைத் திருச்சபையின் தோளில் இறக்கக் கூடாது. ஏன்? உண்மையிலேயே ஆதரவற்றவர்களுக்குத் திருச்சபையின் கை போதுமானதாக இருக்க வேண்டும் என்பதற்காக. வசதியுள்ளவர் சிபாரிசு பிடித்து இலவச இல்லத்தில் தன் தாயைச் சேர்த்தால், அந்தக் கட்டிலுக்காக வாசலில் காத்திருக்கிற ஓர் ஏழைத் தாய் வெளியே நிற்கிறார்.

பிரான்சு நாட்டில் பிரித்தனிப் பகுதியில், ஆண்டு 1839. சேன்-செர்வான் என்ற ஊரில் ழான் ஜுகான் என்ற பெண் வாழ்ந்தார். வயது 47, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். பார்வையிழந்து, பக்கவாதம் வந்து, பார்க்க ஆளின்றிக் கிடந்த ஒரு கைம்பெண்ணை அவர் தம் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தம் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரணில் படுத்துக்கொண்டார். பிறகு இன்னொருவர் வந்தார், இன்னும் பலர் வந்தார்கள். செலவுக்கு? கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித்தான் பிறந்தது. இந்தியாவிலும், நம் சென்னையிலும் அச்சகோதரிகளின் இல்லங்கள் உண்டு. இன்றும் அவர்கள் பிறர் கொடுப்பதை நம்பியே ஏழை முதியோரைப் பராமரிக்கிறார்கள். ழான் ஜுகானை 2009 இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் புனிதராக அறிவித்தார். அவர் முதலில் கொடுத்தது ஒரு கட்டில். கையில் பணம் சேரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

நமக்கு அரசும் உண்டு, சட்டமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்வதும் விசுவாசிகளின் கடமை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 இல் வந்தது. அதன்படி பராமரிக்கும் கடமை மகனுக்கு மட்டும் உரியதல்ல, மகளுக்கும், வயதுவந்த பேரன் பேத்திக்கும் உண்டு. பிள்ளை இல்லாதவர்களை, அவர்களின் சொத்தை அடையப்போகிற உறவினர் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க அது உத்தரவிடலாம். ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாக, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லங்களை அரசு அமைக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. வறுமையிலுள்ள முதியோருக்கான மாத உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு 2023 இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. 70 வயது நிரம்பியவர்களுக்கு, வருமானம் எதுவாக இருந்தாலும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு 2024 இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு மட்டுமே. இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு அதில் வழி இல்லை. முதியோருக்கு உதவி தேவைப்பட்டால் 14567 என்ற எண்ணை அழைக்கலாம்.

மாதம் 1,200 ரூபாயில் முதியோர் இல்லத்தில் தங்க முடியாது. ஆகவே மீதியை யார் தருவது என்ற கேள்வி நம் பங்கின் வாசலுக்கு வந்து நிற்கிறது. மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வோர் அன்பியத்திலும் தனியாக வாழும் முதியோர் யார், படுக்கையில் இருப்போர் யார், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று ஒரு பட்டியல் இருக்கட்டும். பவுலின் காலத்துப் பட்டியல் நம் அன்பியத்துக்கும் பொருந்தும். இரண்டாவது, வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், நோயாளியின் அருகில் போய் உட்காருங்கள். பார்த்துக்கொள்கிற மகள் அதற்குள் கடைக்குப் போய் வரட்டும், திருப்பலிக்கு வரட்டும், இல்லை, கொஞ்சம் தூங்கட்டும். மரியாயின் சேனையும் இளையோரும் இதை எடுத்துச் செய்யலாம். காசு செலவில்லாத, ஆனால் காசால் வாங்க முடியாத உதவி இது. மூன்றாவது, வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலில் போடும்போது, ஒரு பெரியவரின் ஒரு நாள் செலவு இது என்று நினைத்துப் போடுங்கள்.

இல்லத்தில் சேர்க்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், கட்டடத்தின் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதக் கட்டணத்தில் எதெல்லாம் அடங்கும்? மருந்தும் டயப்பரும் தனிக் கணக்கா? முன்பணம் திரும்பக் கிடைக்குமா? படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வார்களா, இல்லை அழைத்துப் போகச் சொல்வார்களா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்? குருவானவர் வந்து நற்கருணையும் நோயில்பூசுதலும் தரலாமா? கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வானொலி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உயிரோடு இருக்கும்போது எல்லாச் சொத்தையும் ஒருவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நிற்காதீர்கள். சீராக்கின் ஞானம் 33ஆம் அதிகாரம் இதையே எச்சரிக்கிறது. எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றால், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்தச் செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்து, வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால், 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். இது பிள்ளைகள்மேல் சந்தேகப்படுவதாகாது. அவர்களைச் சோதனையில் விழாமல் காப்பதாகும். அதோடு, நான் பாரமாகிவிட்டேனே என்று தினமும் அழுதுகொண்டிருக்காதீர்கள். நீங்கள் சுமந்தீர்கள், இப்போது சுமக்கப்படுகிறீர்கள். முதிர்ந்த வயதில் வேறொருவர் உன்னைக் கட்டிக் கூட்டிச்செல்வார் என்று ஆண்டவர் பேதுருவுக்கே சொல்லியிருக்கிறார்.

நிறைவாக, சமாரியர் கொடுத்த வாக்குக்குத் திரும்புவோம். அவர் பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. திரும்பி வருவேன் என்றும் சொன்னார். மாதம் தவறாமல் கட்டணம் அனுப்புகிற பிள்ளைகள் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து அது தானாகவே போய்விடும். ஆனால் அவர்கள் போவதில்லை. அன்னை தெரேசா 1979 இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், எல்லா வசதியும் நிறைந்த ஓர் இல்லத்தில் பெரியவர்கள் எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். உணவும் மருந்தும் அங்கே குறைவில்லாமல் இருந்தன. அவர்கள் எதிர்பார்த்தது பிள்ளைகள் வருவதை.

புனித அகுஸ்தினார் போன்ற திருச்சபைத் தந்தையர் இந்த உவமைக்கு விளக்கம் சொன்னபோது, சமாரியர் கிறிஸ்துவே, சாவடி திருச்சபையே என்றார்கள். அப்படியானால் காயப்பட்டவரை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர் ஆண்டவர். திரும்பி வருகிறவரும் அவரே. இரவில் எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்த மகனின் தூக்கமும், தன் சம்பளத்தில் பாதியைத் தாயின் மருந்துக்குக் கொடுத்த மகளின் பணமும், முகம் சுளிக்காமல் துணி மாற்றிய பணிப்பெண்ணின் கையும் அவர் கணக்கில் இருக்கின்றன. அதிகமாகச் செலவானதை அவர் வந்து தருவார். அவர் கொடுத்த வாக்கு அது.

மன்றாடுவோம். இரக்கமுள்ள ஆண்டவரே, சிலுவையில் தொங்கிய வேளையிலும் உம் தாயை அன்புச் சீடரின் வீட்டில் ஒப்படைத்தீர். எங்கள் பெற்றோரைப் பேணும் மனத்தையும் அதற்கான வழியையும் எங்களுக்குத் தாரும். பராமரிப்போரின் சோர்வை ஆற்றும். தனிமையில் வாசலைப் பார்த்திருக்கும் ஒவ்வொருவரிடமும் எங்களை அனுப்பும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.